பென்னீஸ் புரூக்கா, மேக்கோமா, ட்ராப் டைக்கா? முதல் ஸ்லைடுக்கு எது சரி?

ஏழாம்மலை

வணக்கம். நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறேன். நியூயார்க் மாநிலத்து அடிராண்டாக்ஸ் மலைகளின் 46 சிகரங்களில் இதுவரை 11 ஏறியிருக்கிறேன். எல்லாமே மரத்தில் வட்டத் தகடு அடித்து வைத்திருக்கும் நல்ல பாதைகள். மண் சரிந்து வெறும் பாறையாக நிற்கும் ஸ்லைடு எதிலும் இதுவரை கால் வைத்ததில்லை.

செப்டம்பர் கடைசியில் மனைவியின் தம்பி கோவையிலிருந்து வருகிறான். 26 வயது. வெள்ளியங்கிரியை மூன்று வருடம் தொடர்ந்து வெறுங்காலோடு ஏறியவன். வருவதற்கு முன்பே கோல்டன் மலையில் ட்ராப் டைக் என்ற பாறைப் பள்ளத்தின் வீடியோவைப் பார்த்துவிட்டு, ‘மாமா, ஏறினால் இதுதான்’ என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். எனக்கு அந்த வீடியோவைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. நான், மனைவி, அவன், ஆக மூன்று பேர். மூவருக்கும் பாறை ஏற்றப் பயிற்சி கிடையாது.

தேடியதில் மூன்று தேறியது: லோயர் உல்ஃப் ஜா மேல் ஏறும் பென்னீஸ் புரூக் ஸ்லைடு, டிக்ஸ் வரிசையில் இருக்கும் மேக்கோம் ஸ்லைடு, அப்புறம் ட்ராப் டைக். இதில் எது? சாமான் விஷயத்திலும் குழப்பம். 30 மீட்டர் கயிறு ஒன்று கூடையில் போட்டு வைத்திருக்கிறேன், இன்னும் பணம் கட்டவில்லை. ஹெல்மெட் உண்மையிலேயே தேவையா? சாதாரண ஹைக்கிங் ஷூ போதுமா? எடிசனிலிருந்து ஐந்து மணி நேரம் ஓட்டி வந்து, பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போக மனம் வராது, அதனால்தான் முன்கூட்டியே கேட்கிறேன்.

ஆல்பனி சரசு

தம்பி, உங்கள் கடைசி வரிதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பார்த்துவிட்டுத் திரும்பிப் போக மனம் இருந்தால் மட்டும் வாருங்கள். நான் 14 வருடமாக இந்த ஸ்லைடுகளில் ஏறுகிறேன். நான்கில் ஒரு தடவையாவது அடிவாரத்திலிருந்தே திரும்பி, பக்கத்து ஊரான கீன் வேலியில் காபி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

மச்சானுக்கு முதலில் ஒன்று சொல்லுங்கள். வெள்ளியங்கிரி ஏறத் தொடையும் மூச்சும் வேண்டும், ஊன்ற ஒரு மூங்கில் தடி வேண்டும். இங்கே தடி ஊன்ற இடமே இருக்காது. இந்த மலைகளில் வழவழப்பான பாறையின் மேல் ஒரு சாண், இரண்டு சாண் மண்தான் இருக்கிறது. அதைப் பாசியும் வேரும் ஜமுக்காளம் மாதிரி பிடித்து வைத்திருக்கின்றன. பெருமழை கொட்டினால் மண் ஊறி, மரத்தோடும் வேரோடும் அந்த ஜமுக்காளம் அப்படியே உருவிக்கொண்டு கீழே வந்துவிடும். மிச்சம் நிற்கும் அம்மணப் பாறைதான் ஸ்லைடு. 2011 ஆகஸ்ட் 28-ல் ஐரீன் புயல் வந்தபோது ஒரே நாளில் புதிதாகப் பல உண்டாயின, பழையவை நீண்டன. பென்னீஸ் புரூக் அப்படி நீண்டதுதான். ட்ராப் டைக்குக்குள் இறங்கும் புதிய ஸ்லைடும் அந்த நாளில் பிறந்ததுதான்.

பாறை அனார்த்தோசைட். நிலாவில் வெளுப்பாகத் தெரிகிற மேட்டு நிலம் இந்த இனப் பாறைதான். அப்பல்லோ 15 போனவர்கள் கொண்டுவந்த கல்லில் இதுவும் உண்டு. காய்ந்திருந்தால் அம்மிக்கல் கொத்தியது போலச் சொரசொரப்பாக இருக்கும், ஷூ ஒட்டிக்கொள்ளும். அதே பாறையில் கறுப்பாகக் கோடு கோடாக இறங்கியிருக்கும் இடங்களைப் பாருங்கள். தண்ணீர் வழிந்து வழிந்து பாசி படிந்த இடம். ஈரமானால் சோப்புக்கட்டி.

2014 அக்டோபரில் பென்னீஸில், மழை விட்டு ஒரே நாள் ஆகியிருந்தது. வெள்ளைப் பாறையிலிருந்து எதிர்ப்பக்க வெள்ளைப் பாறைக்குப் போக ஒரே ஒரு கறுப்புக் கோட்டைத் தாண்ட வேண்டும். அகலம் இரண்டு அடிகூட இல்லை. எட்டி வைக்காமல், சோம்பேறித்தனமாக நடுவில் கால் வைத்தேன். உட்கார்ந்த வாக்கில் பத்து அடி போனேன். ஒரு பிளவில் குதிகால் மாட்டி நின்றது. பேண்ட்டின் பின்பக்கம் போயிற்று, இரண்டு உள்ளங்கையிலும் தோல் போயிற்று. மீதி நாள் முழுக்க கையை விரித்தபடி சாமியாடி மாதிரி நடந்தேன். அன்றைக்குக் கையுறை என் பைக்குள்தான் பத்திரமாக இருந்தது.

சரி, உங்கள் மூன்றுக்கு வருகிறேன். ஏற முடியுமா என்று நான் பார்ப்பதே இல்லை. பாதி வழியில் மழை வந்தாலோ, கூட வந்தவருக்குக் கால் நடுங்கினாலோ எங்கே ஒதுங்குவது, அதைத்தான் பார்ப்பேன்.

பென்னீஸில் இரண்டு பக்கமும் காடு கூடவே வருகிறது. பிடிக்கவில்லை என்றால் பக்கவாட்டில் நகர்ந்து மரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறலாம், இறங்கலாம். சரிவும் நிதானமானது, கை ஊன்ற வேண்டிய இடங்கள் உண்டு, தொங்க வேண்டிய இடம் இல்லை. கார்டன் வாகன நிறுத்தத்திலிருந்து சவுத்சைடு பாதை வழியாகப் போனால் ஓடை குறுக்கே வரும். கல்லும் மரமும் குவிந்து கிடப்பதைப் பார்த்தாலே புரிந்துவிடும். உச்சியில் ஸ்லைடு முடிந்ததும் கொஞ்ச தூரம் குட்டை ஸ்ப்ரூஸ் மரங்களுக்குள் நுழைந்து பாதையைப் பிடிக்க வேண்டும். உச்சி 4,175 அடி. இறங்குவது பாதை வழியாக; ஏறிய ஸ்லைடிலேயே இறங்காதீர்கள்.

மேக்கோமுக்கு எல்க் லேக்கிலிருந்து போக வேண்டும், நார்த்வே நெடுஞ்சாலையில் 29-ஆம் வெளியேற்றம். எல்லோரும் போவதால் சுலபம் என்று பெயர் வாங்கிவிட்டது. பாறையைவிட அங்கே சரளையும் உருளைக் கல்லும்தான் அதிகம், ஒரு அடி ஏறினால் அரை அடி வழுக்கும். ஆபத்து காலடியில் இல்லை, தலைக்கு மேல் முன்னால் போகிறவரிடம் இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் அங்கே தேங்காய் அளவுக் கல் ஒன்றைத் தட்டிவிட்டு, பதற்றத்தில் ‘கல்லு! கல்லு!’ என்று கத்தினார். கீழே இரண்டு கல்லூரிப் பையன்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நிமிர்ந்து பார்த்து ஒருவன் கையசைத்தான். கல் அவன் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளிப் போனது. அன்றிலிருந்து வீட்டில் பயிற்சி: டம்ளர் கீழே விழுந்தாலும் ‘ராக்!’ என்றுதான் கத்த வேண்டும். ஹெல்மெட் தேவையா என்று கேட்டீர்களே, அந்தப் பையன்கள் போட்டிருக்கவில்லை.

ட்ராப் டைக் வேண்டாம். அழகுதான், மறுக்கவில்லை. சுற்றியுள்ள பாறையைவிட வேகமாகத் தேய்கிற காப்ரோ பாறை ஒரு நாடாவாக மலைக்குள் ஓடுகிறது. அது அரித்துப் போய் மலையையே கத்தியால் கீறிய மாதிரி ஒரு பள்ளம். ஆனால் உள்ளே நுழைந்துவிட்டால் இரண்டு பக்கமும் சுவர். வழியில் இரண்டு அருவி ஏற வேண்டும், இரண்டாவதுதான் கஷ்டம். முதலாவதை ஏறிவிட்டு இரண்டாவதில் மனம் மாறினால் முதலாவதில் இறங்கியாக வேண்டும். அருவியில் ஏறத் தெரிந்த பலருக்கு இறங்கத் தெரியாது. அங்கே உயிர் போயிருக்கிறது.

சாமான் பற்றி இரவு எழுதுகிறேன். அடுப்பில் சாம்பார்.

கயிறுக்காரன்

சரசு அக்கா சாம்பாரைப் பார்க்கட்டும், கயிறு பற்றி நான் சொல்கிறேன். கூடையிலிருந்து அதை எடுத்துவிடுங்கள்.

காரணம் இதுதான். கயிறு தானாக யாரையும் பிடிக்காது. ஒரு முனையை மரத்திலோ, பிளவில் செருகும் கருவியிலோ கட்டி, ஒருவர் நிலையாக உட்கார்ந்து, இடுப்பு வாரில் மாட்டிய கருவி வழியாகக் கயிற்றை விட்டுக்கொடுத்தால்தான் அது பாதுகாப்பு. மூன்று பேரும் இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு வெறும் பாறையில் நடந்தால், ஒருவர் வழுக்கினால் மூவரும் போவீர்கள். வீட்டில் கொடி கட்டும் நைலான் கயிற்றை எடுத்து வருபவர்களையும் பார்த்திருக்கிறேன். அது விழுகிற ஆளைத் தாங்கச் செய்ததில்லை.

ட்ராப் டைக் ஏறியே தீருவேன் என்று உங்கள் மச்சான் நின்றால், வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். நியூயார்க் மாநிலத்தில் பாறை ஏற்றத்துக்கு வழிகாட்ட அதற்கென்றே உரிமம் வேண்டும், அது இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே நடக்கும் பெரிய தவறு அருவியில்கூட இல்லை. அருவிகளைத் தாண்டியதும் ‘அப்பாடா’ என்று அவசரப்பட்டு வலது பக்கப் பாறைக்கு வெளியேறி விடுகிறார்கள். சீக்கிரம் வெளியேறினால் சரிவு மிகச் செங்குத்து. ஐம்பது அடி போன பிறகுதான் அது தெரியும், அப்போது திரும்பவும் முடியாது. ஐரீன் உண்டாக்கிய ஸ்லைடு வந்து சேரும் வரை பள்ளத்துக்குள்ளேயே பொறுமையாக ஏற வேண்டும்.

நேரக் கணக்கும் போடுங்கள். அடிராண்டாக் லோஜ் விடுதியிலிருந்து மார்ஸி டேம் வழியாக அவலாஞ்ச் ஏரி 5 மைல். டைக்கின் வாயே அங்கேதான் ஆரம்பம். 4,714 அடி உச்சிக்குப் போய், லேக் ஆர்னால்டு வழியாக இறங்கித் திரும்ப வேண்டும். செப்டம்பர் கடைசியில் ஏழு மணிக்குள் இருட்டத் தொடங்கிவிடும்.

இன்னொன்று. டைக்கில் ஏறாவிட்டாலும் அந்த ஏரிக்கு ஒரு நாள் மச்சானைக் கூட்டிப் போங்கள். செங்குத்துப் பாறையில் ஆணி அடித்து, தண்ணீருக்கு மேல் மரப்பலகை நடைபாதை தொங்கவிட்டிருக்கிறார்கள். ‘ஹிட்ச் அப் மடில்டாஸ்’ என்று பெயர். 1868-ல் பில் நை என்ற வழிகாட்டி, மடில்டா என்ற பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்த இடத்தைத் தண்ணீரில் இறங்கிக் கடந்தாராம். அந்த அம்மா வழுக்கி வழுக்கிக் கீழே இறங்க, கரையிலிருந்தவர்கள் ‘மேலே ஏறு மடில்டா’ என்று கத்தியதில் வந்த பெயர். பலகையில் நின்றால் எதிரே முழு டைக்கும் தெரியும். நேரில் பார்த்த பிறகும் அதே ஆசை இருக்கிறதா என்று அவனையே கேளுங்கள்.

பாஸ்டன் பாண்டி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நியூ ஹாம்ப்ஷயர் ட்ரைபிரமிடு மலையின் நார்த் ஸ்லைடையும் யோசிக்கலாமே? 1885-ல் சரிந்தது. அதிகாரபூர்வமான பாதையே அதன் மேல் போகிறது, அதனால் வழி தவறும் பயம் குறைவு. அரை மைலில் 1,200 அடி ஏற்றம். வாட்டர்வில் வேலியில் லிவர்மோர் பாதையிலிருந்து 11 மைல் சுற்று. வடக்கில் ஏறி, தெற்கு ஸ்லைடு வழியாக இறங்க வேண்டும். மாற்றிச் செய்தால் முழங்கால் பேசும். நான் போன முறை மாற்றிச் செய்தவன்.

வந்தால் 25 டாலர் கொடுத்து ஹைக் சேஃப் அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மாநிலத்தில் நம்முடைய அலட்சியத்தால் மீட்புக் குழு வர நேர்ந்தால் செலவை நம் தலையில் கட்ட முடியும். அட்டை இருந்தால் அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை.

ஆல்பனி சரசு

பாண்டி சொன்னது நல்ல யோசனைதான், ஆனால் எடிசனிலிருந்து அது இன்னும் தூரம். நான் பென்னீஸிலேயே நிற்கிறேன்.

சாமான். ஷூவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அப்ரோச் ஷூ என்று கேளுங்கள். அடிப்பகுதி ஒட்டும் ரப்பர், முன்கால் பகுதி கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும். கனமான ஹைக்கிங் பூட்டின் ஆழமான பற்கள் சேற்றுக்கு நல்லவை. பாறையில் பல்லின் நுனி மட்டும்தான் தொடும். வாங்கிய அன்றே மலைக்குப் போட்டு வராதீர்கள். மச்சானுக்கு இங்கே வந்த பிறகு வாங்குவதாக இருந்தால், முதல் இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே போட்டு நடக்கட்டும், உங்கள் மனைவி திட்டினாலும் பரவாயில்லை.

காலை எப்படி வைப்பது என்பதும் சாமானில் சேர்த்தி. பயந்தவர்கள் பாறையைக் கட்டிப்பிடிப்பார்கள். உடம்பு பாறையோடு சாயச் சாய எடை காலிலிருந்து போய்விடும், கால் வழுக்கும். இடுப்பைப் பின்னால் தள்ளி, நிமிர்ந்து, குதிகாலைத் தாழ்த்தி, உள்ளங்கால் முன்பகுதி முழுவதையும் அழுத்தி வையுங்கள். கை சும்மா சமநிலைக்கு. உங்கள் ஊர் பூங்காவில் சாய்வான பாறை ஏதாவது இருந்தால் அங்கே ஒரு மணி நேரம் மேலும் கீழும் நடந்து பாருங்கள்.

ஹெல்மெட் மூன்று பேருக்கும். சைக்கிள் ஹெல்மெட் வேண்டாம், மேலிருந்து விழும் கல்லுக்குச் செய்தது வேண்டும். கையுறை தோட்டவேலைக்குப் போடுகிற தோல் கையுறையே போதும். நான் சொன்ன கதை ஞாபகமிருக்கட்டும், கையில் போட்டால்தான் வேலை செய்யும். தச்சர்கள் போடும் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று. சிரிக்காதீர்கள். உச்சியருகே ஸ்ப்ரூஸ் கிளைகள் சரியாகக் கண் உயரத்தில் இருக்கும், முன்னால் போகிறவர் விலக்கிய கிளை சாட்டை மாதிரி திரும்பி வரும். முழுக்கை சட்டை, பருத்தி வேண்டாம். நடைக்கோலை மடக்கிப் பைக்குள்ளேயே போட்டுவிடுங்கள், வெளியே கட்டினால் காட்டுக்குள் ஒவ்வொரு மரமும் பிடித்து இழுக்கும்.

ஆளுக்கொரு நெற்றி விளக்கு, காற்றும் மழையும் தாங்கும் மேல்சட்டை, மெல்லிய தொப்பி, அவசரப் போர்வை. காகித வரைபடம், திசைகாட்டி. பள்ளத்தாக்கில் கைபேசி பொம்மைதான். தண்ணீர் வடிகட்டி ஒன்று போதும், ஓடை கூடவே வரும். சாப்பாட்டுக்குப் புளிசாதம், கடலை மிட்டாய். போன தடவை ஒரு தோழி தயிர்சாதம் கொண்டு வந்து, உச்சியில் டப்பா திறந்து பைக்குள் எல்லாம் தயிர். ஊறுகாய் மட்டும் தப்பித்தது.

கடைசியாக வானிலை. உச்சியின் வானிலையைப் பாருங்கள், கீன் வேலி ஊருடையதை அல்ல. முந்தைய இரண்டு நாள் மழை இல்லாமல் இருக்க வேண்டும். செப்டம்பர் கடைசியில் அதிகாலை உறைபனி இருந்தால், ஈரம் கண்ணாடித் தகடாகப் பாறையில் ஒட்டியிருக்கும். வெயில் ஏறும் வரை காத்திருங்கள். கார்டன் சின்ன இடம், சனி ஞாயிறில் விடியுமுன் நிரம்பிவிடும்.

ஏழாம்மலை

அக்கா, கயிறுக்காரரே, பாண்டி, மூவருக்கும் நன்றி. கயிற்றை நீக்கிவிட்டு அந்தக் காசில் இரண்டு ஹெல்மெட் போட்டாயிற்று. மச்சான் முகம் தொங்கிவிட்டது. ‘தாத்தாக்கள் எல்லாம் வெள்ளியங்கிரி ஏறுகிறார்கள், இதற்கு ஹெல்மெட்டா’ என்கிறான். பர்வதமலையில் சங்கிலியைப் பிடித்து ஏறியவனாம். இங்கே சங்கிலி இல்லையடா என்றேன். யோசிக்கிறான்.

ஏழாம்மலை

போய் வந்தாயிற்று. சுருக்கமாகச் சொல்கிறேன்.

வியாழன் மழை. அதனால் சனிக்கிழமையை விட்டுவிட்டு ஞாயிறு போனோம். 5:20-க்குக் கார்டன், கடைசிக்கு முந்தைய இடம் கிடைத்தது. ஸ்லைடின் அடியில் வெயிலுக்காக முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம். அந்த முக்கால் மணியில் மச்சான் எங்களை நாலு முறை ‘போலாமா’ என்று கேட்டான். பிறகு பாறை காய்ந்து வெள்ளையாக மாறுவதை நேரில் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

மனைவிதான் முதலில் பழகினாள். நிமிர்ந்து நடக்கிற வித்தை அவளுக்கு உடனே வந்துவிட்டது. நான் அரைமணி நேரம் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அக்கா சொன்னது சரிதான் என்று நிரூபித்துக்கொண்டிருந்தேன். மூன்றில் இரண்டு பங்கு ஏறியதும் திடீரென்று தூறல். கறுப்புக் கோடுகள் பளபளக்க ஆரம்பித்தன. பேசாமல் இடது ஓரம் ஒதுங்கி, மரங்களைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். பத்து நிமிடத்தில் தூறல் நின்றுவிட்டது, ஆனால் பாறைக்குத் திரும்பிப் போக யாருக்கும் துணிவில்லை. இதே தூறல் ட்ராப் டைக்கின் இரண்டு அருவிக்கு நடுவில் பிடித்திருந்தால் என்று நான் கேட்கவில்லை. மச்சானே கேட்டான்.

கண்ணாடிதான் உண்மையான ரட்சகன். மனைவி விலக்கிய கிளை என் வலது கண்ணாடியில் ஒரு கீறல் போட்டிருக்கிறது, பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இறங்கும்போது மச்சான் ஷூவைக் கழற்றி ஓடையோரப் பாறையில் இருபது அடி வெறுங்காலோடு நடந்து காட்டினான். ஷூவைவிட நன்றாகப் பிடிக்கிறது என்றான். இருபத்தோராவது அடியில் தண்ணீருக்குள் இருந்தான், முழங்கால் வரை, கத்திக்கொண்டே.

ஆல்பனி சரசு

என்ன கத்தினான்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

ஏழாம்மலை

‘ராக்!’ என்றுதான் அக்கா. ஹெல்மெட்டைக் கோவைக்கு எடுத்துப் போகிறான். சித்திரையில் வெள்ளியங்கிரிக்குப் போட்டுக்கொண்டு ஏறப் போகிறானாம். மாமியார் இப்போதே போனில், சாமி மலையில் அதெல்லாம் கூடாது என்று சண்டை.

கயிறுக்காரன்

அடுத்த வருடம் அவன் வந்தால் ஆகஸ்டில் வரச் சொல்லுங்கள், தண்ணீர் குறைவாக இருக்கும். அதற்குள் உள்ளரங்கு ஏற்றச் சுவர் ஏதாவதொன்றில் சேர்ந்து இறங்கப் பழகட்டும். ஏரியைக் காட்டினீர்களா?

ஏழாம்மலை

திங்கட்கிழமை லீவு போட்டுக் காட்டினேன். மடில்டா பலகையில் நின்று டைக்கையே பத்து நிமிடம் பார்த்தான். பிறகு, ‘மாமா, அந்த வழிகாட்டி எவ்வளவு கேட்பார்?’ என்றான்.